வளவு வடக்கு 3

"தேக்கு இல்லையே ஆத்தா" என்றார் அப்பா.

முன்தாழ்வாரத்துத் தூணை விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு அது. எங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பெண்மணி பேச்சை நிறுத்தினார். அவருக்கும் அப்பா வயசு இருக்கும். அருங்காட்சியகத்தில் எதையும் தட்டிப் பார்க்கக் கூடாது என்பதை எழுபது வயது மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் தயங்குவது முகத்தில் தெரிந்தது. நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அப்பா இது எதையும் கவனிக்கவில்லை. குனிந்து தூணின் அடி தரையோடு எப்படிச் சேர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

லாஸ் ஏஞ்சலஸில் ஹெரிடேஜ் ஸ்கொயர் என்று ஒரு இடம் இருக்கிறது. நகரத்தின் வடகிழக்கில், அரோயோ செக்கோ ஓடையையும் 110ஆம் நெடுஞ்சாலையையும் ஒட்டிய ஒரு துண்டு நிலம். அதில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சில வீடுகள், ஒரு குட்டி ரயில் நிலையம், ஒரு மரத் தேவாலயம். இவை எதுவும் அங்கே பிறந்தவை இல்லை. வேறு வேறு தெருக்களில் இடிபடக் காத்திருந்தவற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். நெடுஞ்சாலை இரைச்சல் ஓயவே ஓயாது. கதைப் புத்தகத்திலிருந்து கத்தரித்து ஒட்டின மாதிரி வரிசையாக வீடுகள், பின்னணியில் லாரிச் சத்தம்.

அப்பா என்னிடம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அம்மா போன பிறகு அவர் ஊரை விட்டு வருவது அதுதான் முதல் தடவை. கடலைக் காட்டினேன், "நம்ம தொண்டிக் கடல்தான் கொஞ்சம் கூடக் குளிருது" என்றார். மலைமேல் இருக்கும் ஹாலிவுட் எழுத்துகளைக் காட்டினேன், "தகரமா?" என்று கேட்டார். தகரம்தான். அதற்குமேல் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில்தான் இந்த வீடுகள் ஞாபகம் வந்தன. எனக்கு இவை பழக்கமான வீடுகள். மனசு சரியில்லாத சனிக்கிழமைகளில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அப்பாவை அழைத்துவர ஏனோ தோன்றவில்லை. தோன்றவில்லை என்பது பொய். தவிர்த்தேன்.

ஏன் என்று சொல்ல அப்பாவின் தொழிலைச் சொல்ல வேண்டும்.

தாத்தா காரைக்குடிப் பக்கத்தில் வீடு கட்டின தச்சர். அப்பா வீடு பிரித்த தச்சர். எங்கள் ஊரில் 'வீடு பிரிக்கிறது' என்றால் பாகப்பிரிவினை இல்லை. (பெரும்பாலும் பாகப்பிரிவினையில் ஆரம்பித்துத்தான் இங்கே வந்து முடியும் என்பது வேறு விஷயம்.) செட்டிநாட்டுப் பெரிய வீட்டை மேலே ஓட்டிலிருந்து கீழே வாசல் நிலை வரை கழற்றி, மரம் வேறு, கல் வேறு, இரும்பு வேறு என்று விற்பது. பர்மாவில் சம்பாதித்து பர்மாத் தேக்கில் கட்டிய வீடுகள் அவை. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். 1960களில் அங்கே எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டது. பணம் வந்த வழி அடைபட்டது, வீடு மட்டும் அதே அளவில் நின்றது. பேரன் பேத்தி என்று பங்கு பெருகப் பெருக, ஒழுகுகிற ஓட்டை மாற்ற யார் காசு போடுவது என்பதிலேயே பாதி வீடு போய்விடும். 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது நண்பர்கள் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அந்த ஊர்களில் எத்தனை வீட்டை எங்கள் அப்பா இல்லாமல் ஆக்கினார் என்று அவர்களுக்குத் தெரியாது.

என் எஞ்சினியரிங் படிப்புக்கான செலவை வீடுகளாக மாற்றி ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு வீட்டில் நின்ற கூலியை வைத்துப் பார்த்தால், மூன்றேகால் வீடு.

*

அப்பா தட்டிப் பார்த்த வீட்டுக்கு ஹேல் ஹவுஸ் என்று பெயர். 1887இல் கட்டியது. இதை விக்டோரியன் வீடு என்பார்கள், அதிலும் குயீன் ஆன் பாணி. ஒரு மூலையில் கூம்புத் தொப்பி போட்ட மாடம், மீன் செதில் மாதிரி வெட்டி அடுக்கிய மரச் சில்லுகள், எங்கே பார்த்தாலும் கடைந்த, செதுக்கிய, துளைத்த மர வேலை. பச்சையும் செந்நிறமுமாக வண்ணம். இந்த நகரத்திலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட வீடு இதுதான் என்று ஒரு பெயர் உண்டு.

வழிகாட்டி 'விக்டோரியன்' என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்தார்.

"நம்ம காசுல இருக்குமே, அந்த அம்மாவா?"

அதே அம்மாதான் என்றேன். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வாசல் நிலை நிறுத்தும்போது அடியில் காசு வைப்பார்கள், நவதானியம் வைப்பார்கள், வசதி உள்ளவர்கள் பொன்னோ மணியோ வைப்பார்கள். வீடு கட்டும்போது முதலில் பூசை போட்டு நிறுத்துவது நிலை. பிரிக்கும்போது கடைசியில் கிளப்புவதும் நிலை. அதைப் பெயர்க்கிற அன்றைக்கு அந்தக் காசு கிடைக்கும். அப்பா எடுத்துத் துடைத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். பல காசுகளில் விக்டோரியா தலைதான். ஆனால் அந்த வீடுகளை யாரும் விக்டோரியன் வீடு என்று சொல்வதில்லை. அவர் ஆண்ட ஊரில் கட்டிய வீட்டுக்கு அவர் பெயர் இல்லை. அவர் ஆளாத கலிபோர்னியாவில் ஒரு நில வியாபாரி கட்டிய வீட்டுக்கு இருக்கிறது. இதை வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் நிஜமாகவே சிரித்தார். அதற்குப் பிறகு அப்பா எதைத் தட்டினாலும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதை எப்படிப் பிரிச்சு எடுத்துட்டு வந்தாகன்னு கேளு."

பிரிக்கவே இல்லை என்றேன். அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் ஏதோ தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். நம் ஊரில் வீடு என்றால் செங்கல், சுண்ணாம்பு, கல். சுவர்தான் பாரம் தாங்கும். தூக்கினால் உதிர்ந்துவிடும். அதனால் வீட்டை இடம் மாற்ற நமக்குத் தெரிந்த ஒரே வழி, ஒவ்வொரு மரமாகக் கழற்றி, எண் போட்டு, கொண்டுபோய் மறுபடி சேர்ப்பது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் அப்படித்தான் செய்தார்கள். தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வீடுகளை வாங்கி, பிரித்து, அந்தந்தப் பகுதித் தச்சர்களையே வரவழைத்து எழுப்பியது அது. 1996இல் திறந்தார்கள். அங்கே ஒரு செட்டிநாட்டு வீடும் இருக்கிறது. கல்லூரிச் சுற்றுலாவில் அதைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். "எண்ணு போட்டுப் பிரிச்சாகளாமா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். அப்போது எனக்கு அது வெறும் தொழில் கேள்வியாகப் பட்டது.

இந்த ஊர் மரவீட்டின் கதை வேறு. உள்ளே ஒல்லியான சட்டங்களை நெருக்கமாக நட்டு, ஆணி அடித்து, இரண்டு பக்கமும் பலகை அறைந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் இங்கே அதிகம் புழங்கியது ரெட்வுட் மரம், எடை குறைவு. மொத்த வீடும் ஒரு பெட்டி மாதிரி. அடித்தளத்தில் ஓட்டை போட்டு, வீட்டுக்கு அடியில் நீளமான இரும்பு உத்திரங்களைச் செருகி, ஜாக்கி வைத்து ஒரே சீராக அங்குலம் அங்குலமாக உயர்த்துவார்கள். உயர உயரக் கீழே கட்டைகளை குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வருவார்கள். பிறகு அடியில் சக்கர வண்டியைத் தள்ளி, வீட்டை அதன்மேல் இறக்கி, இழுத்துக்கொண்டு போவது. செங்கல் புகைபோக்கியைக் கழற்றிவிட்டு, போன இடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள். தெரு குறுகல் என்றால் வீட்டை ரெண்டாக அறுப்பதும் உண்டு. மின்கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க, அவிழ்க்க ஆட்கள் கூடவே போவார்கள்.

அப்பா இதை என்னிடம் மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை கைகளால் நடித்துக் காட்டினேன்.

"தேர் மாதிரி" என்றார். "கட்டையெல்லாம் போட்டு."

அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

*

1970இல் இந்த வீட்டை வாங்கிய விலை ஒரு டாலர்.

"ஒரு டாலரா?" அப்பா மறுபடி தூணைப் பார்த்தார். ஒரு டாலர் என்பது பெயருக்குத்தான், இடிக்கப் போகிற வீட்டுக்கு வேறு என்ன விலை, செலவெல்லாம் நகர்த்துவதிலும் சரி செய்வதிலும்தான் என்று விளக்கினேன். அவருக்கு அது தெரியாதா என்ன. ஆனால் காரைக்குடியில் வீட்டுக்கு விலை போகாவிட்டாலும் தூணுக்குப் போகும். முழு வீட்டை வாங்க ஆள் கிடைக்க மாட்டார்கள். நாற்பது தூணை வாங்க நாற்பது பேர் வருவார்கள். ஹேல் ஹவுஸ் தேக்கில் கட்டியிருந்தால் அந்த ஒரு டாலருக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. யாருக்கும் தனித்தனியாக வேண்டாத மரமாக இருந்ததும் அது முழுசாகப் பிழைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கு முந்தின வருடக் கதையையும் சொன்னேன். ஹெரிடேஜ் ஸ்கொயருக்கு முதன்முதலில் வந்தது ஹேல் ஹவுஸ் இல்லை. பங்கர் ஹில் என்ற குன்றிலிருந்து வந்த இரண்டு வீடுகள்.

என் அலுவலகம் பங்கர் ஹில்லில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கோபுரம். காலையில் காபியோடு நான் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் பணக்காரர்களின் விக்டோரியன் வீடுகள் வரிசையாக நின்றன. பணக்காரர்கள் வேறு பக்கம் போக, வீடுகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. ஓய்வூதியக் கிழவர்கள், தினக்கூலிகள், எழுத்தாளராகும் கனவோடு வந்தவர்கள். ஜான் ஃபாண்டேயின் 'ஆஸ்க் தி டஸ்ட்' நாவலின் நாயகன் அந்தக் குன்றில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். 'தி எக்ஸைல்ஸ்' என்ற 1961ஆம் ஆண்டுப் படத்தில் அந்தத் தெருக்களைப் பார்க்கலாம், அங்கே வாழ்ந்த பூர்வகுடி இளைஞர்களின் ஓர் இரவு அது. 1959இல் நகரம் அந்தக் குன்றை முழுக்க இடித்துப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளை மட்டுமல்ல, குன்றின் உச்சியையே செதுக்கி எடுத்தார்கள். பங்கர் ஹில் அவென்யூ என்ற தெரு அந்தக் குன்றின்மேல் இன்று இல்லை.

கடைசியாக மிஞ்சிய இரண்டு வீடுகளுக்கு 'காஸில்', 'சால்ட் பாக்ஸ்' என்று பெயர். 1969 மார்ச்சில் அவற்றை வண்டியில் ஏற்றி ஹெரிடேஜ் ஸ்கொயருக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அங்கே வெறும் நிலம்தான். இந்த இரண்டு வீடுகளிலிருந்துதான் எல்லாம் தொடங்குவதாக இருந்தது. அக்டோபரில் யாரோ வைத்த தீயில் இரண்டுமே எரிந்துபோயின.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் கலங்கிப்போவேன். குன்றையே விழுங்கிய இயந்திரங்களிடமிருந்து தப்பி வந்து ஏழு மாதத்தில் இப்படி. அப்பா கலங்கவில்லை.

"காவல் போடலையா?"

"தெரியலப்பா."

"நாங்க பிரிச்சுப் போட்ட மரத்துக்கே ராத்திரி ஆள் படுப்போம்" என்றார். கோபமாகவே சொன்னார். அந்தக் கோபம் ஐம்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் எரிந்த வீட்டின் மேல் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

*

உள்ளே போனோம். அப்பாவுக்கு சாப்பாட்டு அறையின் மர வேலை பிடித்தது, சுவரில் ஒட்டிய பூக் காகிதம் பிடிக்கவில்லை. வழிகாட்டி வெளிப்புற வண்ணத்தைப் பற்றிச் சொன்னார். புதுப்பிக்கும்போது வீட்டில் கிடைத்த பழைய வண்ணச் சில்லுகளைப் பார்த்து, அதே நிறங்களைக் கலந்து பூசியிருக்கிறார்கள். அப்பா தலையாட்டினார். தூணில் பத்துக் கை பெயின்ட் ஏறியிருந்தாலும், சுரண்டிக்கொண்டே போனால் அடியில் முதல் பூச்சு இருக்கும், அதைப் பார்த்துத்தான் மரத்தின் வயசைச் சொல்வேன் என்றார்.

அறைகளை 1899ஆம் வருடத்தில் எப்படி இருந்திருக்குமோ அப்படி அமைத்திருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. மேசை விரிப்பு, விளக்கு, நாற்காலி எல்லாமே.

அப்பா கேட்டார்: "கடைசியா இங்கே குடியிருந்தவுக யாரு?"

இது அவர் எங்கே போனாலும் கேட்கும் கேள்வி. பிரிக்கப் போகிற வீட்டில் முதலில் இதைத்தான் கேட்பார். எங்கே ஒழுகும், எந்த உத்திரம் உளுத்துப்போச்சு, எந்தப் பத்தியில் பாம்பு வரும் என்பது கட்டினவருக்குத் தெரியாது. பங்குக்காரர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. கடைசியாக இருந்தவருக்குத்தான் தெரியும்.

வழிகாட்டி விரிவாகவே சொன்னார். ஜேம்ஸ் ஹேல், பெஸ்ஸி ஹேல் என்று கணவன் மனைவி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிவந்தார்கள். பிறகு பிரிந்துவிட்டார்கள். வீடு பெஸ்ஸியிடம் இருந்தது. அவர் அறைகளை வாடகைக்கு விட்டு, பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்.

"அப்ப பெஸ்ஸி ஆச்சி சாமானெல்லாம் எங்க?"

நான் மொழிபெயர்க்கவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கே உறைத்திருந்தது. வீட்டின் பெயர் ஹேல் ஹவுஸ். ஆனால் அறைகள் காட்டுவது 1899ஐ. ஹேல் குடும்பம் வருவதற்கு முந்தைய காலம் அது. நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. வாடகைக்காரர்களின் கொடிக்கயிறு, கதவுகளில் போட்ட தனித்தனிப் பூட்டு, சமையலறையில் யாருடைய பால் யாருடையது என்ற சண்டை, இந்த வீடு அதிக காலம் கண்டது அதைத்தான் இருக்கும். அருங்காட்சியகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. புதுப்பிப்பது என்றால் ஏதோ ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எல்லா வருடத்தையும் ஒரே சுவரில் பூச முடியாது. தேர்ந்தெடுக்கும்போது கை தானாக வீடு அழகாக இருந்த வருடத்துக்குத்தான் போகும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அந்த வீட்டை விற்காமல், பிரிக்காமல், ஒழுகும்போது பாத்திரம் வைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் அந்த ஆச்சிதான். நகர்த்த ஒரு வீடு மிஞ்சியதே அதனால்தானே.

வெளியே வரும்போது வழிகாட்டி என்னிடம் கேட்டார், உங்கள் அப்பா மரத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தவராக இருக்கிறாரே, என்ன செய்கிறார் என்று. அப்பாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "பழைய வீடு பிரிக்கிற வேலை" என்றார்.

நான் ஆங்கிலத்தில், அப்பா பழைய வீடுகளின் ரெஸ்டோரேஷன் செய்கிறவர் என்றேன். தயக்கமே இல்லாமல் வாயில் வந்தது. அலுவலகத்தில் பல வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். வழிகாட்டி அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், உங்களைப் போன்றவர்களால்தான் இதெல்லாம் நிற்கிறது என்றார். அப்பாவும் சிரித்துக்கொண்டே குலுக்கினார்.

*

திரும்புகிற ரயிலில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். (இந்தத் தடத்தை முதலில் கோல்டு லைன் என்றார்கள், பிறகு எல், இப்போது ஏ. வீட்டுக்குத்தான் பழைய பெயர் நிலைக்கும் போல.) சைனாடவுன் தாண்டியபோது கேட்டார்.

"ரெஸ்டோரேசன்னா சேர்க்கிறதுதானே ஆத்தா?"

எனக்கு முகம் சூடானது. அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும் என்று முட்டாள்தனமாக யோசித்தேன். ஹோட்டல்காரர்களோடும் ஆர்க்கிடெக்டுகளோடும் இருபது வருடம் பேசினவருக்குத் தெரியாமல் இருக்குமா.

"நான் சேர்த்ததே இல்லையே" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுகிற குரல்.

அன்றைக்கு ராத்திரி, சாப்பிட்டுவிட்டு, சமையலறை மேடையில் என்னுடைய ஆபீஸ் நோட்டில் ஒரு வீட்டின் படம் போட்டார். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு. ஸ்கேல் இல்லாமல் போட்ட கோடுகள் அத்தனையும் நேர். நான் பள்ளியில் படிக்கும்போது, 2001இல், கானாடுகாத்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பிரித்த வீடு. பங்குக்காரர்கள் பதினோரு பேர். வாங்க வந்தவர், முழு வீட்டையும் வேறு இடத்தில் அப்படியே நிறுத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எண் போட்டுப் பிரிக்கணும், ஒரு ரீப்பர் கூட மாறக் கூடாது.

"அப்படி ஒரு வேலைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அப்பா.

சுண்ணாம்புக் கட்டியில் எழுதினால் மழையில் போய்விடும். பெயின்ட் என்றால் பார்வைக்குக் கெடும். அதனால் உளியால் செதுக்கினார். தூணின் தலையில் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், குடுமி என்பார் அப்பா, அது மேலே இருக்கும் போதிகையின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குடுமியில்தான் எண். வளவு வடக்கு 1, வளவு வடக்கு 2. சேர்த்து நிறுத்திவிட்டால் எண் உள்ளே மறைந்துவிடும். அடுத்து யாராவது பிரிக்கும்போதுதான் கண்ணில் படும். 312 உருப்படி. அத்தனைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு, ஒவ்வொரு கட்டுக்கும் படம். அந்த வீட்டில் கடைசியாக ஒரு ஆச்சி மட்டும் தனியாக இருந்தார்களாம். ஓட்டை இறக்க ஆரம்பித்த பிறகும் ரெண்டு நாள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "வடக்கால மூணாந்தூணு அடி செல்லரிச்சிருக்கும், பார்த்து இறக்குங்க" என்று சொன்னதே அவர்கள்தான். சொன்னபடியே இருந்தது. அப்பா அந்தத் தூணின் அடியில் கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதே ரேகை வருகிற தேக்குத் துண்டாகத் தேடி ஒட்டுப் போட்டார். அதற்குக் கூலி கேட்கவில்லை.

மரமெல்லாம் ஒரு கொட்டகையில் அடுக்கிவைக்கப்பட்டது. நாலு மாதம் அப்பாவே காவலுக்கு ஆள் போட்டார். வீடு எழுப்பக் கூப்பிடுவார்கள் என்று உளிகளைத் தீட்டி வைத்திருந்தார். கூப்பிடவில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தால் கொட்டகை பாதி காலி. தூண் நாலு கேட்டவருக்கு நாலு, கதவு ரெண்டு கேட்டவருக்கு ரெண்டு. வாங்கினவருக்கு அப்படித்தான் லாபம் அதிகம் வந்திருக்கும். அப்பாவுக்குப் பேசின கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. என் முதல் வருட ஃபீஸ் அதுதான்.

"நோட்டை அம்மா பீரோவுல வச்சிருந்தா" என்றார் அப்பா. "இன்னும் இருக்கு."

பிறகு இன்னொன்றும் சொன்னார். விமானம் ஏற வந்த அன்றைக்கு, தம்பி அவரைச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போயிருக்கிறான். வாசலில் பித்தளை உருளி, சுவரில் யாரோ பழைய செட்டியார்களின் படம், நடுவில் நாலு தூண். ஒரு தூணின் அடியில் ஒட்டு இருந்தது. "நான் வச்ச ஒட்டு எனக்குத் தெரியாதா?" தம்பி அவசரப்படுத்தியதால் சரியாகப் பார்க்க முடியவில்லையாம். விமானத்தில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஐந்து வாரமாக என்னிடம் சொல்லாமலும் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அலுவலகப் பக்கம் அழைத்துப்போய் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்டில் ஏற்றினேன். 1901இல் தொடங்கிய சின்ன மலை ரயில். குன்றை இடித்தபோது 1969இல் கழற்றி எடுத்து வைத்துவிட்டார்கள், 1996இல் பழைய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மறுபடி ஓடவிட்டார்கள். இரண்டே பெட்டி, ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கும். அப்பா நாலு தடவை ஏறி இறங்கினார். இருபத்தேழு வருசம் இதை எங்கே வைத்திருந்தார்கள், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

*

ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துப் போன் செய்தார். அங்கே காலை, எனக்கு ராத்திரி. காரைக்குடியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போயிருக்கிறார், தம்பியிடம் கூடச் சொல்லவில்லை. ஓட்டல் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றிருக்கிறார். காவலாளி உள்ளே விடவில்லை, பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பதினோரு மணிக்குப் போய் அந்தத் தூணை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"அதேதான் ஆத்தா. வளவு வடக்கு மூணு. கூரை பத்தலைன்னு அடியில நாலு விரக்கடை அறுத்திருக்காய்ங்க, ஒட்டு பாதி போச்சு. மீதி இருக்கு. மத்த மூணு தூணு நம்ம வீட்டுது இல்ல."

"எண்ணு தெரிஞ்சுதாப்பா?"

"அது எப்படித் தெரியும்? குடுமி மேல போதிகைக்குள்ளல்ல இருக்கும்."

நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஓட்டல் பெயரையும் தெருவையும் எழுதிவிட்டதாகச் சொன்னார். கும்பகோணம் பக்கம் ஒருத்தர் பங்களாவில் ரெண்டு கதவு இருக்கிறதாம், அடுத்து அதைப் போய்ப் பார்க்க வேண்டும், போகிற வழியில் திருச்சியில் ஒரு நகைக்கடை. பக்கத்தில் யாரோ அவரை எழுந்திருக்கச் சொல்லும் குரல் கேட்டது. இன்னும் ஓட்டலில்தான் இருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"சும்மா உட்கார விட மாட்டேங்கிறாய்ங்க, ஒரு காப்பி சொல்லிருக்கேன்" என்றார். "நூத்தி அறுவது ரூவாயாம் ஆத்தா."